படத்தைக் காட்டி வில் கேட்டால்: மூங்கில் வில் செய்பவர்களுக்கான முழுமையான வழிகாட்டி

சத்தியமங்கலத்துக்கும் கோபிக்கும் நடுவில், பவானி ஆற்றோரம் இருக்கும் ஓர் ஊரில் மூங்கில் வில் செய்கிறேன். என்னிடம் பழக வரும் பையன்கள் மூங்கிலைச் சீவ ஓரிரு மாதத்தில் கற்றுக்கொள்கிறார்கள். அவர்கள் தடுமாறுவது வாசலில் ஆள் வந்து நிற்கும்போதுதான். வந்தவர் கைப்பேசியை நீட்டுவார். அதில் ஒரு சினிமா வில் இருக்கும். பாம்பு மாதிரி நெளிந்திருக்கும், இரண்டு நுனியிலும் சிங்கமுகம், நடுவில் தங்கப் பூண். "ஏனுங்கண்ணா, அப்படியே இதே மாதிரி வேணுங்க, எவ்வளவு ஆகும்?" என்று கேட்பார். பையன் உடனே ஒரு விலையைச் சொல்லிவிடுவான். வேலை அங்கேயே கெட்டுப்போகும்.

விலை கடைசியில் வர வேண்டியது. அதற்கு முன்னால் கேட்க வேண்டியதும், பார்க்க வேண்டியதும், மறுக்க வேண்டியதும் நிறைய இருக்கின்றன. அவற்றை எந்த வரிசையில் செய்வது, ஏன் அந்த வரிசை என்று கீழே எழுதியிருக்கிறேன். ஒற்றை மூங்கிலில் எய்யக்கூடிய வில் செய்யத் தெரிந்தவர்களுக்காக எழுதியது இது. வில் செய்யவே தெரியாதவர்கள் முதலில் அதைப் பழகிவிட்டு வாருங்கள்.

1. ஆள் வருவதற்கு முன்பே தயாராக இருக்க வேண்டியவை

முதலில் ஒரு தாளில் நீங்கள் என்ன வில் செய்கிறீர்கள், எதைச் செய்ய மாட்டீர்கள் என்று எழுதி வையுங்கள். என் தாளில் இருப்பது இது: ஒற்றை மூங்கில் வில், தோல் பக்கம் முதுகாக, அதாவது குறியைப் பார்க்கும் பக்கமாக இருக்கும், பிடியில் துணியோ நூலோ சுற்றியிருக்கும். பி.வி.சி. குழாயைச் சூடாக்கி வளைத்துத் துணி சுற்றிய வில் செய்ய மாட்டேன். எருமைக்கொம்பும் விலங்கு நரம்பும் வஜ்ஜிரப் பசையும் வைத்து ஒட்டும் கொம்பு வில்லும் செய்ய மாட்டேன். அதில் நரம்பு காய்வதற்கே மாதக்கணக்கில் ஆகும். அது வேறு தொழில், எனக்குத் தெரியாது.

எழுதி வைப்பதற்குக் காரணம் உண்டு. ஆள் எதிரில் நிற்கும்போது யோசித்தால் மனசு இளகிவிடும். தாள் சுவரில் இருந்தால் அதைக் காட்டிப் பேசலாம்.

அடுத்தது மாதிரிகள். எய்யும் வில் ஒன்று, காட்சிக்கு மட்டுமான வில் ஒன்று, உடைந்த வில் ஒன்று. உடைந்ததைத் தூக்கிப் போடாதீர்கள். ஒரு மணி நேரம் வாயால் விளக்கிப் புரியாதது, பிளந்துபோன ஒரு வில்லைக் கையில் கொடுத்தால் ஒரு நிமிஷத்தில் புரியும்.

அப்புறம் ஒரு கொக்கித் தராசு, ஒரு டேப், இரட்டைப் படி எடுக்கும் ஆர்டர் புத்தகம். இவற்றோடு காய்ந்த மூங்கிலும் இருப்பில் இருக்க வேண்டும். மூன்று வயது தாண்டிய கல் மூங்கிலை மார்கழிக்கும் மாசிக்கும் இடையில் வெட்டி, பிளந்து, நிழலில் நான்கைந்து மாதமாவது காயவைத்தது வேண்டும். இளங்கழியிலும் மழைக்காலத்தில் வெட்டியதிலும் மாவுச்சத்து அதிகம், உளுப்பூச்சி சீக்கிரம் பிடிக்கும். காய்ந்த சரக்கு இல்லாதபோது அவசர ஆர்டர் எடுக்கிறவர்கள்தான் பச்சை மூங்கிலில் வில் செய்து பெயரைக் கெடுத்துக்கொள்கிறார்கள்.

மூங்கில் தோட்டத்து வேலியிலிருந்து வரட்டும். சத்தியமங்கலம் புலிகள் காப்பகத்துக்குள் போய் ஒரு கழி வெட்டினாலும் குற்றம்தான். பட்டாக் காட்டில் வளர்ந்த மூங்கிலை 2017-ல் வந்த சட்டத் திருத்தம் 'மரம்' என்ற கணக்கிலிருந்து எடுத்துவிட்டது. ஆகவே விவசாயியிடம் வாங்குவதில் சிக்கல் இல்லை.

2. படத்தைப் பார்ப்பதற்கு முன் ஒரு கேள்வி

"இது எதுக்குங்க?"

இதைக் கேட்ட பிறகுதான் படத்தைப் பார்க்க வேண்டும். படத்தை முதலில் பார்த்தால் பேச்சு அழகு, நிறம், விலை என்று போய்விடும். எதற்கு என்று தெரிந்தால் பாதி படம் தானாகவே தேவையில்லாமல் போகும்.

என் வாசலுக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் ஐந்து வகை. போட்டிக்குப் பழகும் பிள்ளைகள். விஜயதசமியில் அம்பு போட வில் கேட்கும் கோயில்காரர்கள். நாடகம், பள்ளி விழா, கல்யாண போட்டோ என்று வருகிறவர்கள். வரவேற்பறைச் சுவரில் மாட்ட விரும்புகிறவர்கள். சும்மா ஆசைக்கு எய்து பார்க்க விரும்புகிறவர்கள்.

ஆறாவதாக ஒரு வகை உண்டு. "காட்டுப் பக்கம் தோட்டம் இருக்குதுங்க, பன்னி வருது" என்று இழுப்பார்கள். அங்கேயே பேச்சை முடித்துவிடுங்கள். வேட்டைக்கு என்று தெரிந்து வில் செய்து கொடுத்தால், 1972-ஆம் ஆண்டின் வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின்படி நடக்கும் குற்றத்துக்குத் துணை போனவர்களாவோம்.

கோயில் ஆர்டருக்கு இன்னொரு கேள்வி சேர்த்துக் கேளுங்கள்: "அம்பு போடறது யாரு?" பழனியில் விஜயதசமி அன்று கோதைமங்கலத்தில் வாழைமரத்தில் அம்பு போடுவதைப் பார்த்திருப்பீர்கள். கொங்கில் பல கோயில்களில் அதே நாளில் இப்படி அம்பு போடும் சடங்கு, அம்பு சேர்வை, நடக்கும். அம்பு போடும் உரிமை ஒருவருக்கு இருக்கும். ஆனால் ஆர்டர் கொடுக்க வருவது விழாக் குழுவின் இளவட்டங்கள். போன வருஷம் இப்படி வந்த தம்பிகள் வில் முழுக்க சீரியல் லைட் வேண்டும் என்றார்கள். "பூசாரியைக் கூட்டிட்டு வாங்க" என்றேன். அவர் வந்தார், கோயிலின் பழைய வில்லையும் கையோடு கொண்டுவந்தார். நான் அதை அளந்து அதே மாதிரி செய்தேன், லைட் பேச்சே எழவில்லை. பழைய வில் ஒன்று இருக்கிற இடத்தில் நம் ரசனைக்கு வேலை இல்லை.

3. படத்தை மூன்றாகப் பிரித்துப் பார்ப்பது

இனி படத்தை வாங்கிப் பாருங்கள். அதில் உள்ள ஒவ்வொன்றையும் மூன்று கூடையில் போட வேண்டும். வில்லை உடைக்கக்கூடியது, ஆளைக் காயப்படுத்தக்கூடியது, அல்லது சட்டத்துக்குப் புறம்பானது முதல் கூடை. வெறும் தோற்றம் இரண்டாவது. பொய்யான பேச்சு மூன்றாவது. முதல் கூடையில் விழுந்ததை எந்த விலைக்கும் ஏற்கக் கூடாது. இரண்டாவதில் தாராளமாக இருங்கள். மூன்றாவதைப் பற்றி 6-ஆம் பகுதியில் எழுதியிருக்கிறேன்.

புதிதாக வருகிறவர்கள் செய்யும் பெரிய தவறு, இந்தக் கூடைகளைக் கலந்துவிடுவது. சிவப்புத் துணி சுற்றக் கேட்டால் "அது மரபு இல்லை" என்று சண்டைக்குப் போவார்கள். முதுகில் யாளி செதுக்கக் கேட்டால் சரி என்று தலையாட்டுவார்கள். நேர்மாறாக நடக்க வேண்டியது அது.

முதல் கூடையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

கைகளில் செதுக்கு வேலை. பிடிக்கு மேலும் கீழும் வளையும் பகுதிகளைத்தான் வில்லின் கை என்கிறோம். குறியைப் பார்க்கும் பக்கம் வில்லின் முதுகு, எய்பவரைப் பார்க்கும் பக்கம் வயிறு. நாணை இழுக்கும்போது முதுகு இழுபடும், வயிறு நசுங்கும். மூங்கிலில் நார் நெருக்கமாக இருப்பது தோலை ஒட்டித்தான். இழுவையை அதுதான் தாங்குகிறது. அங்கே உளி பட்டால் நார் அறும், அறுந்த இடத்தில் வில் பிளக்கும். ஆணி, துளை, பித்தளைப் பூ எல்லாவற்றுக்கும் இதே கதைதான். பிடிப் பகுதி வளைவதில்லை. அதனால் பிடியின் மேல் தனி மரத்துண்டை ஒட்டி அதில் என்ன வேண்டுமானாலும் செதுக்கலாம்.

நுனியில் சிங்கமுகம். அம்பு கிளம்பும்போது வில்லின் நுனிதான் மிக வேகமாக நகரும். அங்கே ஐம்பது கிராம் பித்தளையை வைத்தால் அம்புக்குப் போக வேண்டிய விசை அந்தப் பித்தளையைத் தள்ளுவதில் வீணாகும், கையில் உதறலும் வரும். அதே ஐம்பது கிராமைப் பிடியில் வைத்தால் தெரியவே தெரியாது.

பாம்பு நெளிவு. மூங்கிலை நெருப்பில் வாட்டி நுனியைச் சற்று எதிர்ப்பக்கம் வளைக்கலாம். ஓரிரு அங்குலம் வரை நான் செய்து தருகிறேன். அதற்கு மேல் போனால் நாண் ஒரு பக்கமாகப் புரளும், வில்லின் கை முறுக்கிக்கொள்ளும். இரண்டு கையும் ஒரே அளவு வளையாத வில் எய்யும்போது திருகிக்கொண்டு போகும்.

நுனியில் கத்தி. கேட்கிறார்கள், நிஜமாகவே கேட்கிறார்கள். நாண் ஏற்றும்போது நுனி முகத்துக்குப் பக்கத்தில் வரும் என்பதை ஒருமுறை செய்து காட்டினால் போதும். ஒன்பது அங்குலத்துக்கு மேல் நீளமோ இரண்டு அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள கத்தி ஆயுத விதிகளுக்குள் வந்துவிடும் என்பதையும் சொல்லுங்கள்.

மான்கொம்புப் பிடி. "பாட்டன் காலத்துக் கொம்பு, வீட்டிலேயே கெடக்குது" என்று பையில் போட்டுக் கொண்டே வந்துவிடுவார்கள். காட்டில் தானாக உதிர்ந்த கொம்பாக இருந்தாலும் அதை வைத்திருப்பதும் செய்பொருளாக மாற்றுவதும் குற்றம். கையில் வாங்கிப் பார்க்கக்கூட வேண்டாம்.

சின்ன வில்லில் பெரிய இழுப்பு. படத்தில் குதிரை மேல் இருப்பவர் வைத்திருக்கும் மூன்றரை அடி வில்லைக் காட்டுவார்கள். அது பெரும்பாலும் கொம்பு வில்லின் உருவம். ஒற்றை மூங்கில் அந்த நீளத்தில் அவ்வளவு வளைந்து கொடுக்காது. எவ்வளவு நீளம் வேண்டும் என்ற கணக்கு 7-ஆம் பகுதியில் இருக்கிறது.

அறுபது பவுண்டு ஆசை. நாணை முழுக்க இழுக்கத் தேவையான விசையைப் பவுண்டில்தான் சொல்வோம். வில்லைத் தொட்டே பார்க்காதவர் அறுபது பவுண்டு கேட்பார். இருபத்தைந்து பவுண்டு மாதிரி வில்லைக் கொடுத்து, முழுக்க இழுத்துப் பத்து எண்ணும் வரை பிடிக்கச் சொல்லுங்கள். ஏழில் கை நடுங்கும். அவரே குறைத்துக்கொள்வார்.

இனி இரண்டாவது கூடை. பிடியில் பட்டுத் துணி, நூல் சுற்று, மஞ்சள், காவி, பெயர் எழுதுவது, குஞ்சம் கட்டுவது எல்லாம் சரிதான். ஒரே ஒரு எச்சரிக்கை: வளையும் இடத்தில் எனாமல் பெயிண்ட் அடித்தால் நாலு நாளில் வெடிப்பு விடும். அங்கே எண்ணெய் மட்டும் போடுங்கள், நிறம் வேண்டுமென்றால் பிடிக்கும் நுனிக்கும் கொடுங்கள்.

4. மறுக்கும் முறை

'முடியாது' என்ற சொல்லை முதலில் சொல்லாதீர்கள். அது கேட்டவரை இன்னொரு கடைக்கு அனுப்பும், அங்கே பி.வி.சி. குழாயைத் தருவார்கள். காரணம் முதலில், கையில் பொருளோடு. மறுப்பு அதற்குப் பிறகு.

நான் உடைந்த வில்லை எடுத்து அவர் விரலை அந்தப் பிளவின் மேல் வைக்கச் சொல்வேன். "இதுலதானுங்க பூ செதுக்கினேன். மூணாவது நாள் இப்படி ஆச்சு." அவர் தடவிப் பார்த்துவிட்டு, "அப்ப வேற எப்படிங்கண்ணா பண்ணலாம்?" என்பார். அந்தக் கேள்வி அவர் வாயிலிருந்து வர வேண்டும். அது வந்துவிட்டால் நீங்கள் சொல்லும் மாற்று அவருடைய யோசனையாகிவிடும்.

சில பேர் விட மாட்டார்கள். "காசு நான் தர்றேன், உடைஞ்சா என் பாடு" என்பார்கள். இதில்தான் புதியவர்கள் விழுவார்கள். உடையும் வில் வாங்கினவர் கையில் மட்டும் உடைவதில்லை, பக்கத்தில் நிற்கும் குழந்தையின் கண்ணிலும் மூங்கில் சிம்பு தெறிக்கும். அந்தக் குழந்தை எந்தச் சீட்டிலும் கையெழுத்துப் போடவில்லை. இதைக் கோபப்படாமல் ஒரே தடவை சொல்லுங்கள். அதற்கு மேலும் கேட்டால் டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

'மரபு', 'நம்ம முன்னோர்' என்ற சொற்களை மறுப்புக்கான காரணமாகப் பயன்படுத்த வேண்டாம். எனக்கு மரபு மேல் பற்று உண்டு, அதனால்தான் இதைச் செய்கிறேன். ஆனால் அது என் பற்று. வந்தவருக்கு அது பாடம் எடுப்பதாகத்தான் கேட்கும். எங்கே உடையும், ஏன் உடையும் என்று சொன்னால் யாரும் முகம் சுளிப்பதில்லை.

5. மாற்று ஒன்றைக் கையோடு கொடுப்பது

மறுத்த ஒவ்வொன்றுக்கும் ஒரு மாற்று இருக்க வேண்டும். படத்தில் அவருக்கு உண்மையில் பிடித்தது எது என்று கேளுங்கள். முழு வில்லும் பிடித்தது என்பார்கள். விடாமல் கேட்டால் ஒரே ஒரு இடத்தைக் காட்டுவார்கள்.

உடுமலைப் பக்கமிருந்து ஓர் அம்மிணி தன் மகனுக்கு வில் கேட்டு வந்தார். படத்தில் இருந்தது கன்னங்கரிய வில், நிறைய முள், மூன்று நாண். "இதுல எது உங்க பையனுக்குப் பிடிச்சுதுங்க?" என்று கேட்டதற்கு அந்தப் பையனே முன்னால் வந்து, "கறுப்பு" என்றான். அவ்வளவுதான். பிடியில் கறுப்பு நூல் சுற்றி, நுனிக்குக் கறுப்புச் சாயம் கொடுத்துப் பன்னிரண்டு பவுண்டு வில் செய்து கொடுத்தேன். முள்ளைப் பற்றி அவன் கேட்கவே இல்லை.

மாற்று சொல்லும்போது இரண்டுக்கு மேல் சொல்லாதீர்கள். ஐந்து சொன்னால் வீட்டுக்குப் போய் யோசித்து ஆறாவதோடு வருவார்கள்.

போட்டிக்கு என்று வருகிறவர்களுக்கு மட்டும் மாற்றை நீங்கள் சொல்ல வேண்டாம். மூங்கில் வில்லுக்கென்றே இந்தியன் ரவுண்டு என்ற பிரிவு இருக்கிறது. அதில் எது செல்லும், எது செல்லாது என்பதைப் பயிற்சியாளர் அந்த ஆண்டின் விதித்தாளைப் பார்த்து எழுதித் தரட்டும். நீங்கள் ஆசையாகச் சேர்த்த ஒரு அலங்காரத்தால் பரிசோதனை மேசையில் வில்லைத் திருப்பி அனுப்பினால், வருஷம் முழுக்கப் பழகிய பிள்ளைக்கு நீங்கள் என்ன பதில் சொல்வீர்கள்?

6. "பழங்கால வில்" என்று கேட்டால்

இதை நான் உடையும் வில்லுக்கு அடுத்தபடியாகப் பெரிய ஆபத்தாக நினைக்கிறேன்.

நாமக்கல், ராசிபுரம் பக்கமிருந்து வருகிறவர்கள் "வல்வில் ஓரி வச்சிருந்த வில்லு வேணுங்க" என்பார்கள். ஓரி ஆண்டது கொல்லிமலை. செம்மேட்டில் அவருக்குச் சிலை இருக்கிறது, ஆடியில் அரசு விழா எடுக்கிறது. ஒரே அம்பு யானை, புலி, மான், பன்றி, உடும்பு என ஐந்தையும் துளைத்தது என்று புறநானூறு 152-ஆம் பாட்டு சொல்கிறது. ஆசை வருவது நியாயம்தான். ஆனால் அந்த வில் என்ன மரம், எத்தனை அடி, எப்படி வளைந்தது என்று அந்தப் பாட்டு சொல்லவில்லை. மூங்கிலும் மரமும் நம் மண்ணில் மட்கிவிடும், அதனால் தோண்டி எடுத்து அளக்கவும் வழியில்லை.

கரூரில் அமராவதி ஆற்றுப்படுகையில் கிடைத்த சேரர் காசுகளில் வில்லும் அம்பும் இருக்கின்றன. நடுகற்களில் வில் பிடித்த வீரர்கள் இருக்கிறார்கள். அவற்றிலிருந்து உருவக் கோடு கிடைக்கும். எத்தனை பவுண்டு என்றோ என்ன நார் என்றோ கல்லைப் பார்த்துச் சொல்ல முடியாது.

அதனால் செய்ய வேண்டியது இது. வில்லைச் செய்து கொடுங்கள், பெயரைத் திருத்துங்கள். 'ஓரியின் வில்' என்று சீட்டில் எழுதாதீர்கள். 'கல் மூங்கில் வில், ஓரி விழாவுக்காகச் செய்தது' என்று எழுதுங்கள். 'சேரர் கால வில்' வேண்டாம். 'சேரர் காசில் உள்ள உருவத்தைப் பார்த்து இன்றைய மூங்கிலில் செய்தது' என்றால் உண்மை. வார்த்தை கொஞ்சம் நீளும், நீளட்டும்.

புகை காட்டி, சாயம் ஏற்றி, செல்லரித்த மாதிரி ஓட்டை போட்டுப் பழசாக்கித் தரச் சொல்லுகிறவர்களும் வருகிறார்கள். நாடகத்துக்கு என்றால் சாயம் மட்டும் ஏற்றுவேன், பிடியின் உள்பக்கம் செய்த ஆண்டைச் சூடுபோட்டு எழுதிவிடுவேன். அந்த எழுத்தை எடுக்கச் சொன்னால் ஆர்டர் வேண்டாம் என்று சொல்லிவிடுவேன். இன்றைக்கு அலங்காரம் என்று வாங்குகிறவர் நாளைக்கு அதைப் பழம்பொருள் என்று வேறொருவருக்கு விற்கலாம். அப்போது பொய் சொல்வது நம் கைவேலையாக இருக்கும்.

கண்ணாடி இழைப் பட்டை ஒட்டிய மூங்கில் வில் நல்ல வில்தான், பல பேர் விரும்புகிறார்கள். அதையும் செய்யலாம். கண்ணாடி இழை இருக்கிறது என்று எழுதிக் கொடுத்தால் போதும்.

7. அளவு எடுப்பது

என்ன செய்யப் போகிறோம் என்பது முடிவான பிறகுதான் டேப்பை எடுக்க வேண்டும். முன்னாலேயே அளந்தால் ஆர்டரை ஏற்றுக்கொண்டதாக நினைத்துவிடுவார்கள்.

இரண்டு கையையும் விரித்து நிற்கச் சொல்லி, நடுவிரல் நுனியிலிருந்து நடுவிரல் நுனி வரை அங்குலத்தில் அளந்து இரண்டரையால் வகுங்கள். 66 அங்குலம் என்றால் 26.4. அவர் நாணை அவ்வளவு தூரம் இழுப்பார். அதன் இரு மடங்கோடு, வளையாத பிடிக்கும் நுனிகளுக்கும் சேர்த்துப் பத்து அங்குலம் கூட்டினால் ஏறக்குறைய 63 அங்குல வில். இதற்குக் குறைவாகக் கேட்டால் இழுப்பு தூரத்தைக் குறைக்க வேண்டும் என்று அங்கேயே சொல்லுங்கள்.

புதியவருக்கு 20 முதல் 25 பவுண்டு, பத்து வயசுப் பிள்ளைக்கு 10 முதல் 15 போதும். கோயிலில் வாழைத்தண்டில் பக்கத்திலிருந்து அம்பு போடவும் பதினைந்து தாராளம்.

அம்பையும் இதே நேரத்தில் பேசிவிடுங்கள். வில்லை மட்டும் வாங்கிப் போய் ஊதுவத்தி மாதிரி மெல்லிய குச்சியை வைத்து எய்வார்கள். ஒரு பவுண்டுக்கு அரை கிராமுக்குக் குறையாத எடை அம்புக்கு வேண்டும். 30 பவுண்டு வில்லுக்கு 15 முதல் 19 கிராம். அதற்கும் குறைந்தால் விசை அம்போடு போகாமல் வில்லுக்கே திரும்பும். வெறும் நாணை விடுவதற்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

8. சீட்டு, அப்புறம் முன்பணம்

சீட்டில் எழுத வேண்டியவை: எதற்கு, நீளம், இழுப்பு தூரம், பவுண்டு, அலங்காரம் எங்கே, எதைச் செய்ய மறுத்தோம், என்ன பெயரில் கொடுக்கிறோம், என்றைக்கு.

மறுத்ததை ஏன் எழுத வேண்டும் என்று பையன்கள் கேட்பார்கள். ஒரு மாதம் கழித்து வாங்க வருகிறவர் வேறு ஆளாக இருப்பார், மச்சானோ டிரைவரோ. "சிங்கமுகம் எங்கீங்க?" என்று கேட்பார். சீட்டில் இருந்தால் ஒரு வரியில் முடியும்.

முதலில் அவர் காட்டிய படத்தின் மேல் பேனாவால் அடித்து, எது வரும், எது வராது என்று குறித்து, அதையே வாட்ஸப்பில் அனுப்பிச் 'சரி' என்று பதில் வாங்குங்கள். பதில் வந்த பிறகு பாதிப் பணம் வாங்கலாம். பணத்தை முதலில் வாங்கினால் அப்புறம் மறுக்க வாய் வராது. என் வாழ்க்கையில் செய்த மோசமான வில் நாலும் முன்பணத்தை முதலில் வாங்கிவிட்டுச் செய்தவை.

9. வேலை நடக்கும்போது

அலங்காரம் செய்வதற்கு முன், வெறும் வில்லாக, நாண் ஏற்றி, வளைவு சரியாக வந்த நிலையில் ஒருமுறை அழைத்துக் காட்டுங்கள். தூரம் என்றால் வீடியோ அனுப்புங்கள். இந்த நிலையில் வில் மிக அழகாக இருக்கும். மஞ்சள் மூங்கில், கணுக்கள், சீரான வளைவு. ஐந்தில் இரண்டு பேர் இதைப் பார்த்ததும் "அண்ணா, இப்படியே விட்டுருங்க" என்கிறார்கள்.

வேலை பாதியில் இருக்கும்போது புதுப் படம் வரும். தொலைபேசியில் சரி சொல்லாதீர்கள். சீவிய மூங்கிலைக் கூட்ட முடியாது. இருபது பவுண்டுக்கு இறக்கிவிட்ட பிறகு முப்பது கேட்டால் புது மூங்கில்தான் எடுக்க வேண்டும், புதுச் சீட்டுதான் போட வேண்டும்.

10. காட்சி வில்லை எய்யவே முடியாதபடி செய்வது

ஒருமுறை கல்யாண போட்டோ எடுக்கும் தம்பி ஒருவருக்கு ஐந்தரை அடியில் பெரிய வில் செய்து கொடுத்தேன். கைகளில் சித்திரம் கீறியிருந்தேன், காட்சிக்குத்தானே என்ற நினைப்பு. வாயால் "இழுக்காதீங்க" என்று சொன்னேன். நல்ல நாணைத்தான் கட்டியிருந்தேன், பார்க்க எடுப்பாக இருக்கும் என்று. பொள்ளாச்சிப் பக்கம் தென்னந்தோப்பில் மாப்பிள்ளை அதை முழுக்க இழுத்து, அம்பு இல்லாமல் விட்டுவிட்டார். மேல் கை இரண்டாகப் பிளந்து ஒரு சிம்பு அவர் கன்னத்தில் கிழித்தது. கண்ணுக்கு இரண்டு விரல் கீழே. அந்த வீட்டுக்காரர்கள் என்னைத் திட்டவில்லை. அது எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

நாண் கட்டிய வில்லைக் கையில் எடுத்தால் மனுஷன் இழுப்பான். சொல்லித் தடுக்க முடியாது, செய்முறையிலேயே தடுக்க வேண்டும்.

சுவரில் மாட்டும் வில்லுக்கு: மூங்கிலை மெலிக்காமல் தடியாகவே விட்டு, நெருப்பில் வாட்டி வளைவு கொடுங்கள். அது இழுத்தாலும் வளையாது. நாணைக் குதையில், அதாவது நுனியில் நாண் மாட்டும் வெட்டில் மாட்டாமல் நுனியில் துளை போட்டுத் தளர்வாக முடிந்து பசை வைத்துவிடுங்கள். இதில் நீங்கள் விரும்பும் அளவுக்குச் செதுக்கலாம், சிங்கமுகமும் வைக்கலாம். முதல் கூடையில் உடையும் என்பதற்காக மறுத்தவை எல்லாம் இங்கே வாழலாம், கத்தியும் மான்கொம்பும் தவிர.

இழுக்கிற மாதிரி போட்டோ வேண்டும் என்பவர்களுக்கு: அதே தடித்த வில், நாணுக்குப் பதில் மெல்லிய எலாஸ்டிக் கயிறு. அம்பின் பின்பக்கம் நாண் பொருந்தும் வெட்டு இருக்கக் கூடாது, முனை மழுங்கல், அம்பை மீன்பிடி நரம்பால் பிடியோடு கட்டிவிட வேண்டும். எலாஸ்டிக்கும் கவண் மாதிரி எறியும் என்பதை மறந்து சும்மா விட்டுவிடாதீர்கள்.

இரண்டுக்கும் பிடியில் அழியாத எழுத்தில்: 'காட்சி வில். எய்யக் கூடாது.' துணிக்கு அடியில் எழுத வேண்டாம், துணி மேலேயே கண்ணில் படும்படி எழுதுங்கள்.

11. ஒப்படைக்கும் நாள்

எய்யும் வில்லை வாங்கியவரையே அங்கேயே பத்து அம்பு எய்யச் சொல்லுங்கள். தராசில் மாட்டிப் பவுண்டு காட்டுங்கள். நாண் ஏற்றுவது, இறக்குவது இரண்டையும் அவர் கையால் செய்ய வைத்துப் பாருங்கள். அம்பு இல்லாமல் நாணை விடக் கூடாது என்பதை வீட்டிலிருந்து கூட வந்தவர்களுக்கும் சேர்த்துச் சொல்லுங்கள். வீட்டில் வில்லை முதலில் எடுப்பது பெரும்பாலும் அவர்கள்தான்.

காரில் கண்ணாடி ஓரம் வெயிலில் வைக்காமல், நாண் இறக்கிப் படுக்கவைத்துக் கொண்டுபோகச் சொல்லுங்கள். சித்திரை வெயிலில் பூட்டிய காருக்குள் இரண்டு மணி நேரம் கிடந்த வில் ஒன்று அடுத்த நாளே உடைந்து திரும்பி வந்திருக்கிறது.

உடைந்து வந்தால் வாங்கிக்கொள்ளுங்கள். யார் தவறு என்று உடனே பேச்சைத் தொடங்க வேண்டாம். முதலில் உடைந்த இடத்தைப் பாருங்கள். கணுவில் உடைந்தால் பெரும்பாலும் நாம் அங்கே அதிகம் சீவியிருப்போம். கையின் நடுவில் நீளவாக்கில் பிளந்தால் அம்பு இல்லாமல் விட்டிருப்பார்கள், இல்லையென்றால் மூங்கில் சரியாகக் காய்ந்திருக்காது. நம் தவறு என்றால் காசு வாங்காமல் வேறு செய்து கொடுங்கள். எப்படி இருந்தாலும் அந்த உடைந்த வில்லைக் கேட்டு வாங்கி, அடுத்து படத்தோடு வருகிறவருக்குக் காட்ட வாசல் பக்கம் மாட்டி வையுங்கள்.